முதியோரைப் பேணும் கடன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மூத்தோரைப் பேணுதல் நம் குலத்தின் வழிவழி அறம் என்று கூறி மகிழ்கின்றோம். அவ்வறம் தவறியவிடத்து முதியோர்க்குப் புகல் யாது என்பதை ஆராய்ந்தோமில்லை. அதனை இன்று ஆராய்வாம்.

சில ஆண்டுகட்கு முன்னர் மூதாட்டியார் ஒருவர் தம் இல்லத்தை மகனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சாட்சிக் கையொப்பமிட்டாருள் நாமும் ஒருவர். "நிபந்தனை ஏதேனும் எழுதலாமோ?" எனப் பத்திரம் எழுதுவோர் வினவினார். "பெற்ற மகனிடத்தா நிபந்தனை?" என்று நகைத்தோம். பின்னர் அவ்வில்லத்தின் திண்ணையே அவ்வம்மையார்க்கு உறைவிடமாயிற்று. ஒருநாள் பத்திரத்தின் நகலை நம் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர்க்கு உதவும் சொல் ஒன்றேனும் அதில் இல்லை.

நிற்க. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பெற்றோர் தம் மக்களிடத்தும், மகப்பேறில்லா முதியோர் தம் சொத்துக்குரிய உறவினரிடத்தும் பராமரிப்புத் தொகை கோரலாம். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிப்பர். மேல்முறையீடு மாவட்ட ஆட்சித் தலைவரிடத்து. திங்கள்தோறும் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிடலாம்.

அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பெற்றவர் பேணாவிடின் மீட்க வழி செய்கிறது. அந்நிபந்தனை இருந்தமை நிறுவப்படல் வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்பிரிவுக்குத் தாராளமாகப் பொருள் கொள்ளுதல் வேண்டும் என 2025-இல் கூறியது. எனினும் வழக்காடி நிறுவுவதினும் முன்னரே ஒரு வரி எழுதிவைத்தல் எளிதன்றோ?

மாவட்டந்தோறும் ஏழை முதியோர் 150 பேர்க்கு ஓர் இல்லம் பற்றியும் சட்டம் பேசுகிறது. ஆயின் 'அமைக்கலாம்' என்பதே அதன் சொல். 'அமைத்தல் வேண்டும்' என்பதன்று. இவ்விரண்டன் வேற்றுமையை இலக்கணம் பயிலும் சிறாரும் அறிவர். எனவே அரசினரையே நோக்கியிருத்தல் தகாது.

தாமே மனுச் செய்ய இயலாதார்க்காக, அவர் இசைவு பெற்ற பதிவுச் சங்கம் மனுச் செய்யலாம். நம் சங்கம் பதிவு பெற்றதே. ஆதலின், தானம் எழுதுவோர் நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்க. சங்கத்தார் இருவர் திங்கள்தோறும் முதியோரை நேரிற்கண்டு நலம் உசாவுக. வேண்டுவார்க்குச் சங்கமே மனு எழுதுக.

குடும்ப மானம் போய்விடும் என்பாரும் உளர். தாய் மனுக் கொடுக்கும்பொழுது மானம் போவதன்று. அவளைத் திண்ணையில் இருத்தியபொழுதே அது போயிற்று. அன்று நகைத்த நாம் இன்று இதனைச் சொல்லக் கடமைப்பட்டோம்.