கைகாட்டியும் பூட்டும்

இரவில் ரயிலில் ஏறிப் படுக்கும் பிரயாணி, உறங்குமுன் தம் பெட்டியைச் சங்கிலியால் இருக்கையின் காலோடு பிணைத்துப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார். பெட்டி களவு போகுமோ என்னும் கவலை அவருக்கு உண்டு. தம் வண்டி ஓடும் பாதையில் வேறொரு வண்டி நின்றுகொண்டிருக்குமோ என்னும் கவலை மட்டும் அவருக்கு இருப்பதில்லை. அந்த நிம்மதிக்கு ஆதாரமாக இருப்பதும் ஒரு பூட்டுத்தான். நேயர்களே, அந்தப் பூட்டைப் பற்றியும், அது கழன்றுபோகும் விதத்தைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறேன்.

சாலையில் செல்லும் வண்டி, எதிரே ஒன்றைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளலாம். இருப்புப்பாதையில் ஒதுங்க இடமில்லை. விரைந்து வரும் ரயிலை நிறுத்துவதற்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் வேண்டும். டிரைவரின் கண் எட்டுவதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே அவர் தம் கண்ணை நம்பி ஓட்டுவதில்லை, கைகாட்டியின் சொல்லை நம்பி ஓட்டுகிறார். கைகாட்டி பொய் சொல்லலாகாது. ரயில்வே பாதுகாப்பு என்னும் பெரிய சாஸ்திரத்தில் முக்கால் பங்கு இந்த ஒன்றுக்காகவே எழுந்தது.

பழைய நிலையங்களில் கைகாட்டியை இயக்கும் நெம்புகோலும், பாதையை மாற்றும் நெம்புகோலும் ஒரே கேபினில் வரிசையாக நிற்கும். பாதை சரியாகத் திரும்பிப் பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டியை இறக்கும் நெம்புகோல் அசையாது. கைகாட்டி இறங்கிய பின்னர், பாதையை மாற்றும் நெம்புகோல் அசையாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். கேபினில் இருப்பவர் அசந்துபோகலாம், இரும்பு அசந்துபோவதில்லை. ஒற்றைப் பாதையிலே டிரைவருக்கு வளையத்தில் கோத்துக் கொடுத்த உருண்டைக்கும் இதே தத்துவந்தான். ஒரு நிலையத்துக் கருவியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் போய்ச் சேரும் வரையில் இரு நிலையத்திலும் வேறோர் உருண்டை வெளிவராது.

கைகாட்டி மரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் கையை இயக்கும் கம்பி அறுந்துபோனால், எதிர்ப்பாரம் இழுத்துக் கை கிடைநிலைக்கு வந்து நிற்கும். கிடைநிலை என்றால் 'நில்' என்பது பொருள். கம்பி அறுந்ததால் வண்டி தாமதமாகும்; ஆனால் யாரும் சாகமாட்டார்கள். கருவி கெடத்தான் செய்யும். கெடும்போது பாதுகாப்பின் பக்கமாகக் கெடவேண்டும். மனிதர் கண்டுபிடித்த விதிகளில் இதைப் போல உயிர் காத்தவை சிலவே என்பது என் கருத்து.

இந்த விதி எளிதில் வந்துவிடவில்லை. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, அயர்லாந்தில் அர்மா என்னும் ஊரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியின் குழந்தைகள் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். கூட்டம் மிகுந்த அந்த வண்டி, செங்குத்தான ஏற்றத்தில் ஏறமாட்டாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் இழுத்துச் செல்வதென்று தீர்மானித்தார்கள். அந்த வண்டியின் பிரேக்கோ, குழாயைக் கழற்றினால் பிடியை விட்டுவிடும் வகையைச் சேர்ந்தது. ஆகவே பின்பாதியில் இருந்த பத்துப் பெட்டிகளைக் கார்டு வண்டியின் கைப்பிரேக்கும், சக்கரத்தின் கீழ் வைத்த சில கற்களுமே தாங்கி நின்றன. முன்பாதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டோடின. குறித்த நிமிஷங்கள் கழிந்துவிட்டன என்னும் கணக்கை மட்டுமே நம்பி அனுப்பப்பட்ட அடுத்த வண்டி, கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 80 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். பிரிட்டிஷ் பார்லிமெண்டு அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் விடலாகாது; கைகாட்டியும் பாதையும் ஒன்றோடொன்று பூட்டப்படவேண்டும்; குழாய் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்கு வேண்டும். இந்த மூன்றையும் நிபுணர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். செலவு அதிகம் என்று கம்பெனிகள் தள்ளிப்போட்டு வந்தன.

நம் நாட்டுக்கு வருவோம். 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியுமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அப்பால் மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் வீழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தின்போதே பதவி விலக முன்வந்த லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே விட்டார். அந்தப் பெருந்தன்மையை இன்றும் நாடு நினைக்கிறது. ஆனால் ஓர் அமைச்சர் விலகுவதால் எந்த ஆற்றங்கரையும் உறுதிப்பட்டுவிடாது. வெள்ளம் மண்ணை அரித்ததைக் கேபினில் உள்ள பூட்டு அறியாது. அதை அறியவேண்டியவர், மழைக்கால இரவில் விளக்கேந்திப் பாதை நெடுக நடக்கும் காவலர். அவருக்கும் ஓர் அழகான விதி உண்டு. அவர் குறித்த நேரத்திற்குள் நிலையம் வந்து சேராவிட்டால், 'ஏதோ தாமதம்' என்று ஸ்டேஷன் மாஸ்டர் இருந்துவிடக்கூடாது. வண்டியை நிறுத்தி, எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும். காவலர் வராமையே ஆபத்தின் செய்தி. அறுந்த கம்பி கையை நிறுத்துவது போன்றதுதான் இதுவும்.

இனி நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று. 2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில் பாலேசுவரம் மாவட்டத்துப் பாஹாநாகா பஜார் நிலையத்தை அடைந்தது. நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் விளக்கின் சொல்லை நம்பினார். நம்புவதே அவர் கடமை. மோதித் தெறித்த பெட்டிகள், அடுத்த பாதையில் சென்றுகொண்டிருந்த ஹௌரா எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டிகளையும் தாக்கின. 290 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கைகாட்டி பொய் சொல்லிவிட்டது.

எவ்வாறு சொல்லிற்று? இக்கேள்விக்கு விடை தேடுவது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் வேலை. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பது கவனிக்கத்தக்கது. அவருடைய விசாரணையில் தெரிந்தது இது: முன்னொரு காலத்தில் சிக்னல் கம்பிகளை மாற்றியமைத்தபோது பிழை நேர்ந்திருந்தது, விபத்து நாளன்று 94ஆம் எண் லெவல் கிராசிங்கின் தடுப்பை மாற்றும் வேலையிலும் கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டன. இரும்பு நெம்புகோலின் இடத்தில் இன்று மின்கம்பி இருக்கிறது. இரும்பை ஏமாற்றச் சம்மட்டி வேண்டும். கம்பியை ஏமாற்ற ஒரு முனையை மாற்றிச் செருகினால் போதும். அதைச் செய்பவர் தீயவராக இருக்கவேண்டும் என்பதில்லை. வேலையை விரைவில் முடித்து வண்டிகளை விடவேண்டுமே என்று தவிப்பவராகவும் இருக்கலாம்.

அதே ஆண்டு ஜூலையில் ரயில்வே ஊழியர் மூவர் கைது செய்யப்பட்டார்கள். 'யார்?' என்னும் கேள்வி நீதிமன்றத்துக்கு உரியது. 'ஒருவர் தவறு செய்தால் அது ஏன் பச்சை விளக்காக எரிகிறது?' என்பதே பிரயாணிக்கு உரிய கேள்வி. ஆணையரின் அறிக்கையில் என்னை மிகவும் கலக்கிய பகுதி வேறொன்று. 2022 மே 16ஆம் தேதி, அதே காரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஜ் என்னும் நிலையத்திலும் தவறான இணைப்பினால் விளக்கு ஒரு பாதையைக் காட்ட, வண்டி வேறு பாதையில் சென்றிருக்கிறது. அப்போதே பிழையைத் திருத்தியிருந்தால் பாஹாநாகா விபத்து நேர்ந்திராது என்று அறிக்கை கூறுகிறது. 2023 பிப்ரவரியிலும் கர்நாடகத்தில் இதுபோன்ற ஓர் அபாயம் மயிரிழையில் தப்பியது; பூட்டைத் தவிர்த்துச் செய்யும் வேலைகள் பெருவிபத்தில் முடியும் என்று உயர் அதிகாரி ஒருவர் கடிதமும் எழுதினார். இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. ஆகையால் பத்திரிகைகளில் பெரிய எழுத்துக்களும் இல்லை.

விபத்துக்குப் பிறகு, சிக்னல் கருவிகள் இருக்கும் அறைகளுக்கும் பாதையோரக் குடில்களுக்கும் இரட்டைப் பூட்டுப் போடும்படி ரயில்வே உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் அறைக்குள்ளே கம்பிகளைத் தொட்ட ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு பாதையையும் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு விளக்கையும் ஏற்றிப் பார்த்துச் சோதிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தில் வண்டிகள் நிற்கும். நிலையத்தில் காத்திருக்கும் நாம் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்போம்.