நீலத் திரையும் ஒரு பழைய பிரதியும்

காலேஜ் கடைசி வருஷம், புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. என் விண்டோஸ் 7 லேப்டாப்ல புதுசா ஒரு டிரைவர் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா நீலத் திரை. மறுபடி ஆன் பண்ணாலும் அதே கதை. கடைசியில் காப்பாத்தினது எஃப்8 மெனுவில் இருந்த ஒரு வரி: 'லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்'.

அது எப்படி வேலை செஞ்சது?

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ஹார்டுவேர்'னு ஒரு பகுதி. அது மெமரியில் மட்டும்தான் இருக்கும்; ஒவ்வொரு பூட்டிலும் புதுசா உருவாகும், ஆஃப் பண்ணா காலி. ஆனா எந்த டிரைவரை ஏத்தணும்ங்கிற விவரம் 'சிஸ்டம்' பகுதியில், டிஸ்க்ல ஒரு ஃபைலா நிக்கும். அதுக்குள்ள 'கன்ட்ரோல்செட்'னு ஒண்ணுக்கு மேல பிரதிகள். எது இப்போ ஓடுது, எது கடைசியா ஒழுங்கா ஓடுச்சுன்னு 'செலக்ட்'ங்கிற கீ நம்பர் போட்டு வெச்சிருக்கும்.

'ஒழுங்கா ஓடுச்சு'ன்னு எப்போ முடிவாகும்? நாம லாகின் பண்ணும்போது! சர்வீஸ்கள் சரியா கிளம்பி, நாமளும் உள்ளே போயிட்டா, அந்த பூட் நல்ல பூட். பழைய பிரதிக்கு வேலை முடிஞ்சது.

நான் லாகின் திரை வரைக்கும் போகவே இல்லை. அதனால பழைய பிரதி பிழைச்சது. டிரைவர் ஃபைல் டிஸ்க்ல அப்படியேதான் கிடந்தது. அதை ஏத்தச் சொன்ன வரி மட்டும் காணாம போச்சு.

விண்டோஸ் 8ல இருந்து அந்த மெனுவில் இந்த வரி இல்லை. அதனால டிரைவர் போடுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு ரீஸ்டோர் பாயின்ட் எடுத்து வெச்சிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!