கைந்நாட்டும் பொய்க் கணக்கும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இச்சங்கம் தொடங்கிய நாளில் நாம் மேற்கொண்ட முதற்பணி, இரவு வகுப்பில் முதியோர்க்குக் கையெழுத்திடக் கற்றுக் கொடுத்ததாகும். மை தடவிய பெருவிரலை விட்டொழிக்க வேண்டும் என்பதே அன்று நம் உறுதிமொழி. விரலைப் பெரும்பாலும் விட்டோம். ஆனால் எதன் கீழே கையெழுத்திடுகின்றோம் என்பதைப் படித்தறியும் பழக்கம் இன்னும் முழுமையாக வரவில்லை. அக்குறையினால் விளையும் துன்பம் ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம். மருத்துவ உதவித் திட்டத்தில் மோசடி செய்ததாக ஓர் ஏழையின் மேல் குற்றஞ்சாட்டப்பட்டால் சட்டம் என்ன சொல்கின்றது? அவர் தம்மை எவ்வாறு காத்துக் கொள்வது? இவையே நம் முன் உள்ள வினாக்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்துவோம். மருத்துவ உதவி என்பது எவரும் இட்ட பிச்சை அன்று, அஃது உரிமை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக வீற்றிருந்தார். அக்காலத்திலேதான், 1943இல், ஆலைத் தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு வகுக்கும் பணி பேராசிரியர் அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவரது அறிக்கை வந்தது. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. ஆலைத் தொழிலாளி அன்று பெற்ற பாதுகாப்பு, மலையில் மிளகு பறிக்கும் கூலிக்கும் சாமை விதைக்கும் உழவனுக்கும் எட்ட அறுபது ஆண்டுகள் சென்றன. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனோடு இணைக்கப்பட்டது.

பணம் புழங்கும் இடத்தில் பொய்யும் புகுந்து விடுகின்றது. 2023இல் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஒன்பது என்னும் எண்ணைப் பத்து முறை அடுக்கிய ஒரே தொலைபேசி எண்ணில் 7.49 இலட்சம் பயனாளிகள் பதியப்பட்டிருந்தனர். தமிழ்நாட்டில் ஏழே ஆதார் எண்களின் பேரில் 4,761 பதிவுகள் காணப்பட்டன. இறந்தோர் என முன்னரே கணக்கில் காட்டப்பட்ட 3,446 பேருக்குச் சிகிச்சை அளித்ததாகக் கூறி 6.97 கோடி ரூபாய் பெறப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் குசராத்து மாநிலத்தில் நடந்தது இன்னும் கொடிது. போரிசானா என்னும் சிற்றூரில் இலவச மருத்துவ முகாம் நடத்தி, பத்தொன்பது பேரை அகமதாபாத்திலுள்ள தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். எழுவருக்கு இதயக் குழாயில் அடைப்பு நீக்கும் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுள் இருவர் மாண்டனர். அரசுத் திட்டப் பணத்திற்காகத் தேவையற்ற சிகிச்சை செய்தனர் என்பதே அங்கே தொடரப்பட்ட வழக்கு.

இத்திட்டங்களில் காப்பீட்டுப் பணம் நோயாளியின் கைக்கு வருவதில்லை, மருத்துவமனைக்கே செல்கின்றது. எனினும் அட்டை நம்முடையது, கைரேகை நம்முடையது. ஆகவே விசாரணை வரும்போது, முதலில் தட்டப்படும் கதவு ஏழையின் கதவாகி விடுகின்றது.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றோம். கணவனை இழந்த நம் சகோதரி ஒருவர், மலையடிவாரத்தைக் கடந்து சமவெளியில் நடந்த கண் மருத்துவ முகாம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று தாள்களில் கைந்நாட்டுப் பெற்று, மாலையில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினர். ஓராண்டு கழித்து ஒரு கடிதம் வந்தது. அவர் ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் தங்கி அறுவைச் சிகிச்சை பெற்றதாகவும், அது பொய்யெனத் தெரிவதால் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. படித்துச் சொன்னவர்கள், "சிறைக்குப் போக நேரும், கேரளத்துத் தோட்டத்திற்கு ஓடி விடு" என்று அறிவுரை கூறினர். அன்றிரவு அந்தத் தாய் உலை வைக்கவில்லை.

நாங்கள் அவரை ஓட விடவில்லை. நாமக்கல்லிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு அழைத்துச் சென்றோம். அங்கே அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் முதலில் கேட்டது ஒன்றே: "அந்த ஆறு நாட்கள் எவை?" மருத்துவமனை கொடுத்த தாள்களின் படி கேட்டுப் பெற்றோம். பின்னர் ஊராட்சியின் நூறு நாள் வேலை வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். படுக்கையில் கிடந்ததாக எழுதப்பட்ட அதே நாட்களுள் நான்கில் அவர் கரை கட்டும் வேலையில் கூலி பெற்றிருந்தார். அந்தப் பதிவேட்டின் நகல் அவரைக் காத்தது. குற்றவாளி எனக் கருதப்பட்டவர் சாட்சியானார்.

இதில் அடங்கிய சட்டத்தைச் சற்று விளக்குவோம். ஏமாற்றுதல் என்னும் குற்றம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 420ஆம் பிரிவாக நாடறிந்தது. 2024 சூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் இடம் பெற்றுள்ளது. ஏமாற்றிப் பொருள் பெற்றால் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் பொய்யான தாள் ஒன்று இருப்பதனாலேயே அதில் கைந்நாட்டிட்டவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தீய எண்ணம் இருந்தது என்பதை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். உண்மையென நம்பிச் சொன்னது பிழையாகிப் போனால் அது பிழை. பொய்யென அறிந்தே சொன்னால்தான் அது குற்றம்.

இதற்கு நல்ல சான்று, 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டாக்டர் விமலா வழக்கு. அந்த அம்மையார் தம் பணத்தில் மோட்டார் வண்டி வாங்கி, அதனைத் தம் கைக்குழந்தை நளினியின் பெயரில் வைத்தார். வண்டி விபத்துக்கு உள்ளானபோது காப்பீட்டுத் தொகை கோரும் தாள்களிலும் 'நளினி' என்றே கையெழுத்திட்டார். பொய்க் கையெழுத்து என வழக்கு மூண்டது. பெயர் பொய்தான், ஆனால் அதனால் அவர் பெற்ற தனி ஆதாயம் ஏதுமில்லை, காப்பீட்டு நிறுவனத்திற்கு இழப்பும் இல்லை, ஆகவே மோசடி இல்லை என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பொய் வேறு, மோசடி வேறு என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

அதற்காக நாம் நம்மவர் தவற்றை மூடி மறைக்கச் சொல்லவில்லை. நம் அட்டையை உறவினருக்குக் கொடுத்து, அவரை நம் பெயரில் படுக்க வைப்பது குற்றமே. வருமானத்தை அறிந்தே குறைத்துக் காட்டிச் சான்று வாங்குவதும் குற்றமே. இரக்கத்தால் செய்தாலும் அது மற்றோர் ஏழையின் பங்கைப் பறிப்பதாகும். ஆனால் தவறிழைத்தவருக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 1978இல் ஓசுகாட் வழக்கில் உச்ச நீதிமன்றம், வறியவருக்கு இலவச சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்று உரைத்தது. அவ்வழக்கு பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழை மோசடியாக அச்சிட முயன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவருடையது என்பதை எண்ணிப் பாருங்கள். குற்றத்தின் தன்மை கொண்டு இவ்வுரிமை குறையாது.

அவ்வுரிமைக்குச் சட்ட வடிவம் தந்தது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். அதன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர் வருமான வரம்பு எதுவுமின்றிக் கட்டணமில்லாச் சட்ட உதவி பெறலாம். இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் நமக்கும் இது பொதுவான கேடயம். 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

கடிதமோ காவல் நிலைய அழைப்போ வந்தால் ஓடாதீர்கள். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் எடுத்த எடுப்பிலே கைது செய்தல் கூடாது, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கைது தேவையில்லையெனில் அறிவிப்புக் கொடுத்தே அழைக்க வேண்டும் என்று 2014இல் அர்னேசு குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அறிவிப்பை மதித்துச் செல்பவருக்கே அந்தப் பாதுகாப்பு. ஓடுபவர் அதனை இழக்கின்றார். காவலர் எழுதிக் கொள்ளும் வாக்குமூலத்தில் நாம் கையெழுத்திட வேண்டியதில்லை. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அதனை எழுதிய குழுவின் தலைவர் யாரென்று இந்த அவையில் நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நோய் வருமுன் காப்பது போல வழக்கு வருமுன் காப்பதும் எளிது. காப்பீட்டு அட்டையை எவரிடமும் விட்டு வராதீர்கள். எழுதப்படாத தாளில் விரல் வைக்காதீர்கள். வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் குறிப்பைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்து, பத்திரமாக வையுங்கள். ஓட்டு வீட்டின் பரணில் பானைக்குள் மிளகைப் பூஞ்சை படாமல் காக்கத் தெரிந்த நமக்கு, நான்கு தாள்களைக் காக்கத் தெரியாதா?

அந்தச் சகோதரி சென்ற ஆண்டு நம் இரவு வகுப்பில் சேர்ந்தார். இவ்விழாவின் வருகை ஏட்டில் இன்று காலை அவர் பெயரைக் கண்டோம். எழுத்துகள் சற்றே சாய்ந்திருந்தன. ஆனால் கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தின் தலைப்பை அவர் வாய்விட்டுப் படித்தார் என்று ஏட்டின் அருகில் இருந்த மாணவி சொன்னாள். இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு இதனினும் பெரிய பயனை நாங்கள் வேண்டவில்லை.