நடைவண்டியை எப்போது எடுப்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ செய்யுற வேலையைப் பத்திப் பேசு, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று சங்கச் செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். முயற்சி செய்கிறேன்.

புதிதாகப் பிறந்த எலக்ட்ரானிக் போர்டுகளைக் கண் விழிக்க வைப்பதுதான் என் வேலை. கரண்ட் வந்ததும் முதலில் ஓடுகிற சிறிய நிரலை பூட்லோடர் என்போம். அது அமைப்புகளைப் படித்து, சரிபார்த்து, பெரிய நிரலை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதைப் புதுப் போர்டில் எழுதுவது சிரமமான காரியம். திரை கிடையாது, டிஸ்க் கிடையாது, சீரியல் போர்ட்டுக்கு இன்னும் உயிர் வந்திருக்காது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத கைக்குழந்தை மாதிரி.

அந்த நேரத்தில் கை கொடுப்பது செமிஹோஸ்டிங். ஆர்ம் நிறுவனம் வகுத்த முறை இது. மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரை, கீபோர்டு, கோப்புகள் ஆகியவற்றை டீபக்கர் கேபிள் வழியாகப் போர்டு இரவல் வாங்கிக்கொள்கிறது.

எப்படி என்று மாணவர்கள் கேட்பீர்கள். கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்பில், ஆர்0 என்ற ரிஜிஸ்டரில் வேலையின் எண்ணையும், ஆர்1-இல் விவரம் இருக்கும் முகவரியையும் வைத்துவிட்டு, பிரேக்பாயிண்ட் 171 என்ற கட்டளையை நிரல் ஓட்டும். சிப் அப்படியே நின்றுவிடும். 171 என்றதும், 'நம்மைத்தான் கூப்பிடுகிறது' என்று டீபக்கர் புரிந்துகொண்டு எண்ணைப் பார்க்கும். 1 என்றால் கோப்பைத் திற. 4 என்றால் இந்த வரியைத் திரையில் காட்டு. 6 என்றால் கோப்பிலிருந்து படித்துக் கொடு. முடித்ததும் விடையை ஆர்0-இல் வைத்துச் சிப்பை மறுபடி ஓடவிடும். ஒவ்வொரு அழைப்புக்கும் சிப் நின்று நின்று போவதால் வேகம் குறைவுதான். ஆனால் ஊமைப் போர்டு பேசிவிடும்!

நம் வீடுகளில் குழந்தைக்கு நடைவண்டி கொடுப்போமே, அதுபோலத்தான். நடைவண்டி நல்லது. எப்போது எடுப்பது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

2013-இல் கோவையில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். கிணற்று மோட்டார்களுக்கான கன்ட்ரோலர் பெட்டி செய்தோம். பூட்லோடர் என் பொறுப்பு. கிராமத்தில் கரண்ட் எந்த நொடியிலும் போகும் அல்லவா? அமைப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டால்? அதற்காக இரண்டு பிரதிகள் வைத்தேன். ஒன்று கெட்டால் மற்றதைப் படித்து, கெட்டதைச் சரிசெய்துகொள்ளும். அப்படிச் செய்யுமுன், "முதல் பிரதி கெட்டது, இரண்டாவதைப் பயன்படுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெட்டிகள் தோட்டங்களுக்குப் போயின. சில மாதங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "கரண்ட் போய் வந்தது, அப்புறம் பெட்டி எழுந்திரிக்கவே இல்லை" என்றார்கள். மேசையில் வைத்து, கேபிளைச் சொருகி, கரண்ட் கொடுப்போம். நன்றாக ஓடும். கேபிளைக் கழற்றினாலும் ஓடும்! "குறை எதுவும் இல்லை, வயரிங்கைப் பார்க்கவும்" என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினோம். ஒன்றல்ல, பல பெட்டிகளுக்கு. சீட்டில் கையெழுத்து என்னுடையது.

ஒருநாள், வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு பெண், என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், போர்டுல சீரியல் ஒயரே சொருகலையே. அப்புறம் இந்த வரி எப்படி ஸ்கிரீன்ல வருது?"

எனக்கு வியர்த்துவிட்டது. முதல் பிரதி கெட்டது என்ற அந்த வரி செமிஹோஸ்டிங் வழியாக வந்துகொண்டிருந்தது. மற்ற வரிகளையெல்லாம் சீரியலுக்கு மாற்றிய நான், அந்த ஒன்றை மறந்துவிட்டேன். டீபக்கர் இல்லாத இடத்தில் பிரேக்பாயிண்ட் 171 வந்தால், அந்தச் சிப்பில் அது ஹார்ட்ஃபால்ட் ஆகிவிடும். என் நிரலில் அதற்கு வைத்திருந்தது ஒரு முடிவில்லாச் சுற்று. பெட்டி அங்கேயே நின்றுவிடும். மேசையிலோ டீபக்கர் பதில் சொல்லிவிடும், வரி வரும், கெட்ட பிரதி சரியாகும். அப்புறம் கேபிள் இல்லாமலும் ஓடும். அதாவது, நோயாளியைக் குணப்படுத்திவிட்டு, "உனக்கு நோயே இல்லை" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். பழுதைச் சரிசெய்யும் நிரல் சரியாகத்தான் இருந்தது. அதை அறிவித்த வரிதான் பெட்டியை நிறுத்தியது.

நிரலைத் திருத்த ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் தண்ணீர் பாயாத தோட்டங்கள்? "வயரிங் சரியில்லை" என்று பழி சுமந்த எலக்ட்ரீஷியன்கள்? அவர்களில் ஒருவரை நேரில் பார்த்து, தவறு எங்களுடையது என்று சொன்னேன். "மூணு தரம் பிரிச்சுக் கட்டினனுங்க. இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, செமிஹோஸ்டிங்கைப் பயன்படுத்துங்கள். போர்டு வாங்கப் பணம் இல்லையென்றாலும் க்யூஈமு என்ற இலவச மென்பொருளிலேயே பழகலாம். உலகெங்கும் புழங்கும் யூ-பூட் பூட்லோடரில் 2022-இல் இந்த வசதி விரிவாக்கப்பட்டது. பூட் ஆகாமல் கிடக்கும் போர்டைக் கம்ப்யூட்டரிலுள்ள கோப்பைக் கொண்டே எழுப்பலாம். டீபக்கர் இல்லாவிட்டால் அந்தக் கட்டளையைத் தாண்டி, 'தோல்வி' என்ற விடையோடு ஓட்டத்தைத் தொடரும் ஏற்பாடும் அதில் உண்டு. 2013-இல் என் நிரலில் நான் அப்படி ஒன்றை எழுதியிருக்க வேண்டும்.

மூன்று விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். வெளியே அனுப்பும் நிரலில் அந்தக் கட்டளை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கடைசியாகத் தேடிப் பாருங்கள். கேபிளைக் கழற்றி, பிரதிகளை நீங்களே கெடுத்து, கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதியுங்கள். முன்பின் தெரியாத நிரலை இந்த வசதியோடு ஓட்டாதீர்கள். 18 என்ற எண்ணைக் கொடுத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே கட்டளை ஓட்டச் சொல்ல அதற்கு வழி உண்டு.

நண்பர்களே, நம் மேசையில் நன்றாக ஓடுகிறது என்பது நம் மேசைக்கு மட்டுமே சான்று. தூரத்தில் ஒருவர் "ஓடவில்லை" என்று சொன்னால், முதலில் அவரை நம்புங்கள். பக்கத்தில் நிற்கும் இளையவர் "இது எப்படி சார்?" என்று கேட்டால், வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள்.

இந்தக் கல்லூரியின் லேபில் நான் அசட்டுக் கேள்விகள் கேட்டபோதெல்லாம் சிரிக்காமல் பதில் சொன்ன ஆசிரியர்களுக்கு என் நன்றி.