லண்டனில் ஆள் எடுக்கிறார்களாம்

(கொழும்பில் வேலை செய்யும் மலையகத் தொழிலாளர்களும் குடும்பத்தினரும் கொட்டாஞ்சேனையில் கூடிய ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா என்னை மறித்தார். "டீச்சர், லண்டன்ல வயசானவங்களப் பாத்துக்க ஆள் எடுக்கிறாங்களாம். வெள்ளவத்தையில ஒரு ஏஜென்சிக்காரர் பதினெட்டு இலட்சம் கேக்கிறார். சின்னவள அனுப்பலாமா?" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். "ஏன் டீச்சர், இத்தனை வருஷமா நம்மள ஏறெடுத்துப் பாக்காத லண்டன்காரனுக்கு இப்ப மட்டும் நம்ம புள்ள எதுக்கு?"

இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி. அதற்கு அங்கேயே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்துவிட்டுப் பிறகு போய்ச் சொன்னேன். அதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே சொல்லப்போகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் என்பதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே சந்தை அது. அதன் முன்னோடி அமைப்பில் பிரித்தானியா 1973 ஜனவரி 1 ஆம் திகதி சேர்ந்தது. உள்ளே இருக்கும் நாடுகளுக்கிடையே சாமானுக்குத் தீர்வை இல்லை, ஆளுக்கு விசா இல்லை. நாம் ஹற்றனில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்குகிற மாதிரி, போலந்துக்காரர் லண்டனில் இறங்கி அடுத்த நாளே வேலைக்குப் போகலாம். போலந்து முதலிய பத்து நாடுகள் 2004 இல் சேர்ந்தபோது பிரித்தானியா உடனேயே கதவைத் திறந்துவிட்டது.

நான் படிப்புக்காகக் கொழும்பில் இருந்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவேன். அந்த வீட்டு அம்மாவின் மூத்த மகள் சண்டைக் காலத்தில் அகதியாக ஜேர்மனிக்குப் போனவர். ஜேர்மன் பாஸ்போட் கிடைத்ததும், பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபோய்விட்டார். ஸ்பொன்சர் இல்லை, விசா இல்லை, பெட்டியைக் கட்டினார், போனார். ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்திலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அப்படி லண்டனுக்குப் போயிருக்கின்றன. இன்று அதே மகள் அதே ஜேர்மன் பாஸ்போட்டோடு புதிதாகப் போக நினைத்தால், நம்மைப் போல விசா வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஏனென்றால் 2016 ஜூன் 23 ஆம் திகதி பிரித்தானியர்கள் வாக்களித்தார்கள். வெளியேறுவோம் என்றவர்கள் 51.9 வீதம், இருப்போம் என்றவர்கள் 48.1 வீதம். மறுநாளே பவுணின் பெறுமதி டொலருக்கு எதிராக முப்பது வருடத்தில் இல்லாத அளவுக்கு விழுந்தது. 2020 ஜனவரி 31 இல் நாடு முறைப்படி வெளியேறியது. அந்த வருடம் முடிந்ததோடு பொதுச் சந்தையும் விசா இல்லாத போக்குவரத்தும் முடிந்தன.

அவர்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போக நான் தயாரில்லை. லின்கன்ஷயர் மாகாணத்தில் பொஸ்டன் என்று ஓர் ஊர். சுற்றிலும் மரக்கறிப் பண்ணைகள், பொதி கட்டும் கூடங்கள். அங்கே 75 வீதத்துக்கும் மேலானோர் வெளியேறச் சொன்னார்கள். நாட்டிலேயே அதுதான் கூடிய வீதம். வாடகை ஏறியது, ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டது, சம்பளம் ஏறவில்லை. பக்கத்தில் புதிதாக வந்து குறைந்த கூலிக்கு நின்றவர் போலந்துக்காரர். கோபம் யார் மேல் போகும்? தொழிற்சங்கங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. சங்கங்களின் சம்மேளனம் ஒன்றியத்தில் இருக்கச் சொன்னது, ரயில்வேத் தொழிலாளரின் ஆர்.எம்.டி. சங்கம் வெளியேறச் சொன்னது. என் கருத்து இது: கூலியைக் குறைத்தது முதலாளி. வந்தவரையும் இருந்தவரையும் ஒரே சங்கத்தில் சேர்த்திருந்தால் சண்டை சரியான இடத்தில் நடந்திருக்கும். நாமும் இங்கே அதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? 1939 இல் இங்கே அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியபோது சொன்ன காரணமும் வேலையில்லாத் திண்டாட்டம்தான். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம், வேண்டுமானால் விண்ணப்பியுங்கள் என்றார்கள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுப் போட்டதில் கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. எத்தனை வருடம் இங்கே இருந்தாய், சீட்டைக் காட்டு என்று கேட்டால், லயத்தில் பிறந்தவர் எந்தச் சீட்டைக் காட்டுவார்? 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். எங்கள் ஆச்சியின் அண்ணன் அங்கே போன கணக்கில் போனவர். ஆச்சி கடைசிவரை அவரைப் பார்க்கவில்லை.

பிரித்தானியாவில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஏற்கனவே இருந்த ஐரோப்பியர் 2021 ஜூன் 30 ஆம் திகதிக்குள் விண்ணப்பித்தால் தங்கலாம் என்றார்கள். 50 இலட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன, பெரும்பாலானோருக்குக் கிடைத்தது. ஆனால் புதிதாக வருவது நின்றுபோனது. கொரோனா நேரத்தில் ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 2021 செப்ரெம்பரில் பெற்றோல் கொண்டுபோக லொறி சாரதிகள் போதாமல், லண்டனில் பெற்றோல் செட் வாசலில் வரிசை. 2022 இல் நாம் நின்ற வரிசைக்கு அது கால் தூசு, ஆனாலும் வரிசைதான். ஒன்றையும் மறைக்கக்கூடாது: அந்த நேரத்தில் லொறி சாரதிகளின் சம்பளம் ஓரளவு கூடியது. அதே நேரம் சாப்பாட்டுச் சாமானின் விலையும் கூடியது. எல்லையில் புதிதாக வந்த பரிசோதனையும் பத்திரமும் சேர்ந்து இரண்டு வருடத்தில் சாப்பாட்டு விலையை 6 வீதம் அளவு ஏற்றியதாக லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 வீதம் குறையும் என்பது அரசாங்கத்தின் வரவு செலவை மதிப்பிடும் அலுவலகத்தின் கணக்கு. ஏழைக்கு அதில் உறைப்பது சாப்பாட்டு விலைதான்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பியர் போனார்கள், வேலை போகவில்லை. ஸ்ட்ரோபரி பறிக்க வேண்டும், கிழவர்களைக் குளிப்பாட்ட வேண்டும். 2021-22 இல் இங்கிலாந்தில் பராமரிப்புத் துறையில் மட்டும் 1 இலட்சத்து 65 ஆயிரம் வெற்றிடங்கள். 2022 பெப்ரவரியில் பராமரிப்பு வேலைக்கும் வெளிநாட்டு விசாவைத் திறந்தார்கள். இந்தியா, நைஜீரியா, சிம்பாப்வே, இலங்கை என்று எல்லா இடத்திலிருந்தும் ஆள் போனது. 2023 இல் மட்டும் சுகாதார, பராமரிப்பு விசா கிடைத்த தொழிலாளர் ஏறத்தாழ 1 இலட்சத்து 46 ஆயிரம் பேர். வெளிநாட்டவர் வரவைக் குறைக்கத்தான் வெளியேறுகிறோம் என்றார்கள். 2023 ஜூன் வரையான ஒரு வருடத்தில் போனவரைக் கழித்து வந்தவர் மட்டும் 9 இலட்சத்துக்கு மேல்.

ஆட்கள் கூடினார்கள், உரிமை குறைந்தது. போலந்துக்காரருக்கு முதலாளி பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் வேலை தேடலாம். புதிதாகப் போனவருடைய விசா ஒரு முதலாளியின் பெயரில் இருக்கிறது. முதலாளி விட்டால், அல்லது முதலாளியின் லைசன்ஸை அரசாங்கம் பறித்தால், 60 நாளுக்குள் இன்னொரு ஸ்பொன்சர் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

நம் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. பெரியவர்களுக்குத் தெரியும். தொழிலாளி பட்ட கடனை எழுதிய சீட்டு அது. இன்னொரு துரை அந்தக் கடனைக் கட்டிவிட்டு ஆளைத் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வார். துண்டு இல்லாமல் நகர முடியாது. 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஸ்பொன்சர் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. கடனும் அப்படியே கூட வருகிறது. பழம் பறிக்கும் விசா ஆறு மாதத்துக்குத்தான். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அந்த ஆறு மாத வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்து கென்ட் பக்கம் போனவர்கள் தரகருக்கு 5,000 பவுண் வரை கடன்பட்டிருந்ததை 2022 இல் கார்டியன் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது.

நான் படிப்பித்த ஒரு பையன் 2023 இல் பராமரிப்பு வேலைக்குப் போனான். அப்பாவின் சேமலாப நிதிப் பணம், அம்மாவின் தோடு, மிச்சம் வட்டிக்கு. வாரம் முழுக்க வேலை என்று எழுதிக் கொடுத்தவர்கள் போன பிறகு வாரத்தில் இரண்டு நாள்தான் கொடுத்தார்கள். ஏழாவது மாதம் அந்த நிறுவனத்தின் லைசன்ஸ் போய்விட்டது. 60 நாளில் முப்பத்தெட்டு இடத்துக்கு எழுதிப் பார்த்தான். இப்போது புறக்கோட்டையில் மூட்டை தூக்கி வட்டி கட்டுகிறான். பெயரைச் சொல்லாதீங்க டீச்சர் என்றான், சொல்லவில்லை. இது அவனுக்கு மட்டும் நடந்ததில்லை. 2022 நடுப்பகுதியிலிருந்து 2024 முடியும்வரை 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் லைசன்ஸைப் பறித்ததாகவும், அவற்றோடு சம்பந்தப்பட்ட தொழிலாளர் 39,000 பேருக்கு மேல் என்றும் பிரித்தானிய அரசாங்கமே சொல்லியிருக்கிறது.

இனி, கட்டுநாயக்கவில் தைக்கும் தங்கைகளுக்காக ஒரு விஷயம். தேயிலைக்கு இந்த வெளியேற்றத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நம் தேயிலையைக் கூடுதலாக வாங்குவது ஈராக், ரஷ்யா, துருக்கி பக்கம். ஆடை அப்படியில்லை. அமெரிக்காவுக்கு அடுத்தபடி பிரித்தானியாதான் வாங்குகிறது. முன்பு ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை பிரித்தானியாவுக்கும் சேர்த்து இருந்தது. அந்தச் சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையும் கூட்டுப் பேரம் பேசும் உரிமையும் அதில் இருக்கின்றன. மனித உரிமை விஷயத்தில் தவறியதற்காக 2010 ஆகஸ்ட் 15 இல் அதைப் பறித்தார்கள், 2017 மே 19 இல்தான் திரும்பக் கிடைத்தது.

பிரித்தானியா வெளியேறிய பிறகு 2023 ஜூன் 19 முதல் சொந்தத் திட்டம் வைத்திருக்கிறது. நமக்குத் தீர்வைச் சலுகை தொடர்கிறது. துணியை எந்த நாட்டில் வாங்கித் தைத்தாலும் சலுகை உண்டு என்று 2025 ஜூலையில் இன்னும் தளர்த்தி அறிவித்தார்கள். தொழிற்சாலைக்கு வேலை வரும், நல்லதுதான். ஆனால் அந்த உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை புதிய திட்டத்தில் இல்லை. பாரிய மீறல் நடந்தால் நிறுத்தலாம் என்ற அதிகாரம் மட்டும் வைத்திருக்கிறார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒரு தங்கையை வேலையை விட்டு நிறுத்தினால், ஐரோப்பாவிலிருந்து பார்க்க வருகிற குழுவிடம் மனுக் கொடுக்க நமக்கு வழி இருக்கிறது. லண்டனிடம் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. இதை நம் சங்கங்கள் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை. தலைமையில் இருப்பவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, அந்த அக்காவிடம் நான் சொன்னது. வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புத் தொழிலாளர் எடுக்கும் கதவை பிரித்தானியா 2025 ஜூலை 22 ஆம் திகதி மூடிவிட்டது. குடும்பத்தைக் கூட்டிப் போவதை அதற்கு முன்பே 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். மூடிய கதவுக்குத்தான் வெள்ளவத்தையில் பதினெட்டு இலட்சம் கேட்கிறார்கள். யார் வந்து எந்த நாட்டைச் சொன்னாலும், ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். அந்த வேலைக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேளுங்கள். அதற்கு முன் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வெறுங்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள், பற்றுச்சீட்டு வேண்டும்.

அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. ஏஜென்சிக்காரர் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறாராம், வேறு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களாம். நாட்சம்பளத்தில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு யோசிக்கிற தாயிடம் நான் எப்படிக் கோபிப்பது? அவர் கொடுத்த சீட்டின் பிரதி என் பையில் இருக்கிறது. நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் அதை எடுத்துக்கொண்டு பத்தரமுல்லைக்குப் பணியகத்துக்குப் போகிறேன். உங்களில் யார் கையிலாவது இப்படி ஒரு சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். ஏழரைக்கு இந்த மண்டபத்து வாசலில் நிற்பேன், சேர்ந்து பஸ் எடுப்போம்.