கூண்டு ஏற்றாத வீடு

கணினித் திருட்டு பெருகக் காரணம் திருடனின் திறமையே என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். திருடனுக்கு இப்படி ஒரு பாராட்டு விழாவை நான் பார்த்ததில்லை. பொன்னாடை ஒண்ணுதான் பாக்கி! (சிரிப்பு) இல்லை, ஏமாந்தவரின் மௌனமே காரணம் என்பது எங்கள் கட்சி.

கடலில் புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒண்ணாம் நம்பரா, மூணாம் நம்பரா என்று ஊரே விசாரிக்கிறது. 1964-இல் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை அய்யா இது! எச்சரிக்கையின் அருமையை உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆனால் கைப்பேசியிலே புயல் அடிச்சால் மட்டும் எந்த வீட்டிலும் கூண்டு ஏறுவதில்லை.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையிலே, கையிலே காசு இல்லை. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் 'நிவாரணப் பட்டியல்' என்று ஒன்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் வாலிலே ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து. அது பட்டியலே இல்லை, ஒரு செயலி! தொட்டால், 'உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?' என்று கேட்கும். பட்டியல் காட்ட வந்தவன் என் கடுதாசியை ஏன்டா படிக்கணும்? கேட்க மாட்டோமே! சரி, சரி என்று அமுக்குவோம். (சிரிப்பு) அப்புறம் வங்கி அனுப்புகிற ஓ.டி.பி. உங்களுக்கு வந்த கையோடு அவனுக்கும் போய்விடும். கல்யாணப் பத்திரிகை வேஷத்திலும் வருகிறது. சில செயலிகள், உங்கள் பெயரிலேயே உங்கள் சொந்தபந்தங்களுக்கெல்லாம் தன்னை அனுப்பிக்கொள்ளும்.

காசு போனவர் வாயைத் திறப்பாரா? பெண்டாட்டி திட்டுவாள், மருமகன் சிரிப்பான். நாலு நாள் மூச்சு விடுவதில்லை. அந்த நாலு நாளில் மண்டபத்திலே இருக்கிற மச்சான் அதையே திறக்கிறார். ஏன்? 'நம்ம மாப்பிள்ளைதானே அனுப்பியிருக்கார்!' (கைதட்டல்) மச்சானைக் கவிழ்த்தது திருடனின் திறமையா தம்பி?

படிக்காத சனம்தான் இப்படி என்று யாரும் எண்ண வேண்டாம். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கணினிக்குள் தீய நிரல் புகுந்ததாகச் செய்தி கிளம்பியது. அக்டோபர் 29-ஆம் தேதி, பொய்த் தகவல் என்று நிலையத்தின் அறிக்கை. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் புகுந்திருந்தது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை. நல்லவேளை! ஆனால் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கிற செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே சொல்லியிருந்ததாம். விஞ்ஞானிகள் வீட்டிலேயே கூண்டு ஏற இத்தனை நாள் என்றால், நம்ம மாப்பிள்ளையை என்ன சொல்ல?

1930 என்று ஓர் எண் இருக்கிறது. காசு போன உடனே கூப்பிட்டால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்னே மறிக்க வழியுண்டு. எட்டு மணிக்குப் போன பணத்துக்கு எட்டேகாலுக்குக் கூப்பிடணும். நாலாம் நாள் கூப்பிட்டால் அந்தப் பணம் நாலு மாநிலம் சுற்றியிருக்கும். (சிரிப்பு) முதலில் 1930, அடுத்த அழைப்பு மண்டபத்து மச்சானுக்கு.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். (கைதட்டல்)