பூசும் முன் படியுங்கள்



தில்லியில் யமுனை ஆற்றுக்குக் கிழக்கே மயூர் விஹார் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் உண்டு. பக்கத்தில் உள்ள திரிலோக்புரியில் இருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்களும் உண்டு.

அப்படி வேலை செய்யும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். சேலம் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர். நாள் முழுக்கப் பாத்திரம் தேய்ப்பார். துணி துவைப்பார். மாலையில் எழுத்துப் படிக்கப் போவார். அவருக்கு 20 வயதில் ஒரு மகள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

"பெண் கொஞ்சம் கருப்பு" என்று வந்தவர்கள் சொன்னார்கள். தாயின் மனம் வாடியது. வாரச் சந்தைக்குப் போனார். ஒரு கிரீம் டப்பா வாங்கி வந்தார். டப்பாவின் மேல் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். "7 நாளில் சிவப்பழகு" என்று கடைக்காரர் சொன்னார்.

மகள் தினமும் பூசினாள். ஒரு வாரத்தில் முகம் வெளுத்தது. தாய்க்கு மகிழ்ச்சி. இரண்டு மாதம் போனது. முகத்தில் பரு கிளம்பியது. வெயில் பட்டால் எரிந்தது. கன்னத்தில் சிவப்பாக நரம்புபோல் கோடுகள் தெரிந்தன.

"பூசுவதை விட்டுவிடு" என்றார் தாய்.

"விட்டால் முகம் தீயாய் எரிகிறது அம்மா. பூசினால்தான் அடங்குகிறது" என்று மகள் அழுதாள்.

இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் முகத்தைப் பார்த்தார். "டப்பாவைக் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டார். தாய் எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் செய்தது யார் என்று எழுதி இருக்கிறதா, அம்மா? எந்த ஊர்? உள்ளே என்ன இருக்கிறது?"

தாயும் பார்த்தார். படம் இருந்தது. பெயர் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை போலத் தோன்றலாம். ஆனால் பல வீடுகளில் நடப்பது இதுதான்.

தோல் ஒரு சுவர்

தோல் உடம்பைக் காக்கும் சுவர். கிருமியை உள்ளே விடாது. உடம்பின் ஈரத்தை வெளியே விடாது. ஆனால் இந்தச் சுவரில் சிறு சிறு வழிகள் உண்டு. பூசும் சில பொருள்கள் அந்த வழியாக இரத்தத்தில் கலக்கும். "மேலேதானே பூசுகிறோம், என்ன ஆகிவிடும்?" என்று நினைப்பது தவறு.

தோலில் மெலனின் என்ற பொருள் இருக்கிறது. தோலுக்கு நிறம் தருவது அதுதான். வெயிலின் கெடுதலில் இருந்து காப்பதும் அதுதான். கருமை ஒரு நோய் அல்ல. அது இயற்கை தந்த குடை.

முதல் ஆபத்து: பாதரசம்

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் கருவியில் வெள்ளிபோல் மின்னும் திரவம் இருக்கும். அதுதான் பாதரசம். ஆங்கிலத்தில் மெர்க்குரி என்பார்கள். பாதரச உப்பு மெலனின் உண்டாவதைத் தடுக்கும். அதனால் முகம் வெளுக்கும். அதனால்தான் சிலர் அதைக் கிரீமில் சேர்க்கிறார்கள்.

பாதரசம் தோல் வழியாக உள்ளே போகும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். நரம்பையும் கெடுக்கும். கர்ப்பிணியின் வயிற்றில் உள்ள குழந்தையையும் தாக்கும். பூசியவரின் துண்டு, தலையணை வழியாக வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் போகும்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர் உள்ளது. அங்கே ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டு, சிறுநீரில் புரதம் போகும் நோய் அது. அவர்களில் 15 பேருக்கு அந்த நோயில் ஓர் அரிய வகை இருந்தது. டாக்டர்கள் தோண்டித் துருவிக் கேட்டார்கள். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. 2023-இல் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளில் சோதனை நடத்தியது. அந்தச் சோதனைக்கு "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று பெயர்.

தில்லியிலும் ஒரு சோதனை நடந்தது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பு தில்லியில் உள்ளது. அது 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்தது. 2014-இல் முடிவை வெளியிட்டது. 14 கிரீம்களில் பாதரசம் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடுக்கின்றன. முகக் கிரீமில் தெரியாமல் கலந்தாலும், 10 லட்சம் பங்கில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உலக நாடுகளும் பாதரசத்தை ஒழிக்க 2013-இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் பாதரசத்தால் மக்கள் பட்ட துன்பம் பெரிது. அதனால் ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். இந்தியா 2018-இல் அதை ஏற்றது.

சட்டம் இருக்கிறது. ஆனால் முகவரி இல்லாத டப்பாவைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? வாங்குபவரின் கண்தான் முதல் காவல்.

இரண்டாவது ஆபத்து: ஸ்டீராய்டு

மகளின் முகத்தைக் கெடுத்தது இதுதான் என்று டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டு ஒரு நல்ல மருந்து. கரப்பான் போன்ற நோய்க்கு டாக்டர் தருவார். எத்தனை நாள், எவ்வளவு என்று கணக்குச் சொல்லித் தருவார். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை இந்த வகை.

இதையே தினமும் முகத்தில் பூசினால் என்ன ஆகும்? முதலில் தோல் வெளுக்கும். பிறகு மெலியும். பரு வரும். இரத்தக் குழாய்கள் தெரியும். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் பூசுவார்கள். இப்படியே அடிமை ஆகிவிடுவார்கள்.

படர்தாமரைக்கும் பலர் கடையில் கேட்டு இந்தக் களிம்பை வாங்குகிறார்கள். அரிப்பு உடனே அடங்கும். ஆனால் உள்ளே பூஞ்சை நன்றாகப் பரவும்.

2018-இல் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. ஆகவே "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது" என்று யாரும் வாங்கக் கூடாது.

எது நல்லது?

தோலுக்கு வேண்டியது அதிகம் இல்லை. சுத்தம் வேண்டும். ஈரம் வேண்டும். கடும் வெயிலில் நிழல் வேண்டும். விலை குறைந்த பொருள்களே இதற்குப் போதும்.

பெட்ரோலியம் ஜெல்லி: தோலின் ஈரத்தை வெளியே விடாமல் மூடும். உதடு வெடிப்புக்கும் கால் வெடிப்புக்கும் நல்லது. குளித்தவுடன், தோல் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும்.

கிளிசரின்: ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். அப்படியே பூசாமல் தண்ணீர் கலந்து பூசுவது நல்லது.

தேங்காய் எண்ணெய்: வறண்ட தோலுக்கு நல்லது. பரு உள்ள முகத்தில் மட்டும் வேண்டாம்.

துத்தநாக ஆக்சைடு: ஆங்கிலத்தில் ஜிங்க் ஆக்சைடு. வெயிலைத் தடுக்கும் கிரீமில் இருக்கும். குழந்தையின் இடுப்புப் புண்ணுக்கும் போடுவார்கள். கிரீம் வாங்க முடியாவிட்டால் குடையும் முந்தானையும் போதும்.

பாத்திரம் தேய்ப்பவர்கள் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கை கழுவ வேண்டும். துடைத்துவிட்டு எண்ணெய் அல்லது ஜெல்லி தடவ வேண்டும். கை வெடிப்பு குறையும்.

வீட்டுப் பொருள் என்றாலே நல்லது என்றும் நினைக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகும். அந்த இடம் கறுத்துப் போகும். கடை மஞ்சள் தூளில் சாயம் கலந்திருக்கலாம். மஞ்சள் கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்வது மேல். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும். அரிப்பு வந்தால் உடனே அந்தப் பொட்டை நிறுத்த வேண்டும்.

டப்பாவைப் படிப்பது எப்படி?

கிரீம் வாங்கும்போது இவற்றைத் தேடுங்கள்.

1. செய்த கம்பெனியின் பெயரும் முகவரியும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரி.

2. உரிமம் எண்.

3. பேட்ச் எண்.

4. எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி.

5. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். அதிகமாக உள்ள பொருள் முதலில் வரும். மிகச் சிறிய டப்பாவில் பட்டியல் இல்லாமலும் இருக்கலாம்.

பட்டியலில் மெர்க்குரி, கலோமெல் என்ற பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள். "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எழுதி இருந்தாலும் வாங்காதீர்கள். பாதரசம் இருப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

மருந்துக் களிம்பில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சொல்லி மட்டுமே வாங்க வேண்டியது.

டப்பாவில் எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கும். பரவாயில்லை. எண்ணையும் தேதியையும் நீங்களே படிக்கலாம். மற்றதைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஏற்கெனவே பூசியவர்கள் என்ன செய்வது?

பயந்து மறைக்க வேண்டாம். தோல் டாக்டரிடம் போக வேண்டும். டப்பாவையும் கொண்டு போக வேண்டும். கால் வீங்கினாலோ, சிறுநீர் அதிகமாக நுரைத்தாலோ காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ச் சோதனை ஒன்று போதும், புரதம் போகிறதா என்று தெரிந்துவிடும். மயூர் விஹார்காரர்களுக்குக் கிச்சடிபூரில் லால் பகதூர் சாஸ்திரி மருத்துவமனை பக்கம். தில்ஷாத் கார்டனில் குரு தேக் பகதூர் மருத்துவமனையும் உண்டு. இரண்டும் அரசு மருத்துவமனைகள்.

அந்தத் தாயும் மகளும்

மகளின் சிறுநீரில் கோளாறு இல்லை. தாய்க்கு உயிர் வந்தது. முகம் தேறப் பல மாதம் ஆனது. டாக்டர் சொன்னபடி மகள் பொறுமையாக இருந்தாள். பழைய நிறம் திரும்பியது. எரிச்சல் போனது.

குளிர்காலம் வந்தது. தாய் மறுபடியும் வாரச் சந்தைக்குப் போனார். அதே கடைக்காரர் புதிய டப்பா ஒன்றை நீட்டினார். "ரொம்ப நல்ல சரக்கு" என்றார்.

தாய் டப்பாவை வாங்கிப் பார்த்தார். அடியில் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். முகவரி இல்லை. எண் இல்லை. தேதி இல்லை.

"இதில் எழுத்தே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மருந்துக் கடையில் ஒரு பெட்ரோலியம் ஜெல்லி வாங்கினார். அதில் தேதி இருந்தது. எழுத்துக் கூட்டி அதைப் படித்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தார்.

"கருப்பா இருந்தா என்ன அம்மா? நல்லா இருக்கேன் இல்லையா?" என்றாள் மகள். தாய் அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தோல் மெத்தென்று இருந்தது.

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற கிரீமின் பெயரில் "வெளுப்பு" என்ற பொருள் தரும் சொல் இருந்தது. 2020-இல் அந்தக் கம்பெனியே அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. பெயரை மாற்றக் கம்பெனிக்கு 45 ஆண்டு ஆனது. மனத்தை மாற்ற வீடுகளுக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

படித்த எழுத்து புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. அது கடைக்கும் வர வேண்டும். பூசும் முன் படியுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கிரீம் டப்பாவை எடுங்கள். அதில் முகவரி, எண், தேதி உள்ளனவா?

2. டாக்டர் சீட்டு இல்லாமல் களிம்பு வாங்கியது உண்டா? பிறகு என்ன ஆனது?

3. "பெண் கருப்பு" என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?